நரம்பு ஓடுது சிஸ்டர், என்ன பண்ண?

கேள்வி: நர்சிங் முடிச்சிட்டு கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுல 82 வயசு ஆச்சிய பாத்துக்கறேன். டாக்டர் எழுதின ஆன்டிபயாடிக் ரெண்டு வேளையும் நரம்புல போடணும். ஊசிய வச்சா நரம்பு நழுவி ஓடுது, கிடைச்சாலும் மருந்து ஏத்துறதுக்குள்ள வீங்கி நீலமாயிடுது. ஆச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்க மக தான் மொறைக்கிறாங்க. எங்க தப்பு பண்றேன்?
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: மக மொறைக்கத்தான் செய்வாங்க, விடும்மா. சிரிஞ்சுல ரத்தம் வந்ததும் கையில கட்டின ரப்பரை அவுக்குறியா? நீ எழுதினதுல அது இல்லயே. கட்டோடயே மருந்த தள்ளுனா வயசானவங்க நரம்பு தாங்காது, ஊசி போன ஓட்டை வழியாவே கசிஞ்சு வீங்கிரும். ரத்தம் தெரிஞ்சா கட்டை அவு, அப்புறம்தான் மருந்து, அதுவும் மெதுவா. வலிக்குதுன்னாலோ மேடு தட்டினாலோ அங்கயே நிறுத்திரு. கட்டுறதும் நாலு விரல் மேல, ரவிக்கை கை மேலயே லேசா கட்டலாம், தோல் கிள்ளாது, ஒரு நிமிஷம் தாண்ட வேண்டாம்.

இருட்டு உள்ரூம்ல வச்சு தேடாம ஆச்சிய வளவுப் பக்கம் (வீட்டு நடு முற்றம்) உக்கார வை, அந்த வானத்து வெளிச்சத்துக்கு எந்த டியூப்லைட்டும் ஈடாகாது. வளையலை மேல தள்ளிட்டு வெதுவெதுன்னு ஈரத்துணி சுத்தி கையை தொங்கப் போட்டா நரம்பு எழும்பும். ஸ்பிரிட் பஞ்சால 30 செகண்ட் தொடச்சு இன்னொரு 30 செகண்ட் தானா காய விடு, ஊதாத, தொடச்ச இடத்த மறுபடி விரலால தடவாத (எல்லாரும் பண்றது இதைத்தான்). அப்புறம் இடது கட்டைவிரலால குத்துற இடத்துக்கு கீழ தோலை இழுத்துப் பிடி, விடாம பிடிச்சா நரம்பு எங்க ஓடும்? ஊசி முனையில சாய்வா வெட்டின வாய் மேல பாத்திருக்கணும், படுக்கவசமா 15 டிகிரி போதும்.

முழங்கை மடிப்புல துடிப்பு தட்டுப்பட்டா அது தமனி, அங்க போகாத. ரத்தம் பளீர்னு சிவப்பா துடிச்சு வந்தா மருந்து போடாம உருவிட்டு 5 நிமிஷமாவது அழுத்திப் பிடி, டாக்டருக்கு போன் போடு. ரெண்டு தடவை தவறினா வேற ஆளை கூப்பிடு, வீம்பு வேண்டாம். தினமும் குத்துறதுக்கு பதிலா 24 கேஜ் கேனுலா (நரம்புலயே விட்டு வைக்கிற மெல்லிசு குழாய்) போடலாமான்னும் டாக்டர்கிட்ட கேளு.

நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஊசிக்கு மூடி திரும்ப மாட்டாத. ட்ரெயினிங்ல நான் மாட்டப்போய் ஆள்காட்டி விரல்ல ஏத்திக்கிட்டேன், மூணு மாசம் தூக்கம் போச்சு. ஊசி துளைக்க முடியாத டப்பாவுக்குள்ள நேரா போடு. தப்பித்தவறி குத்திட்டா பிதுக்காம ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு, எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.