ஆடிக் காற்றில் வேம்பநாட்டு ஏரியைப் படகில் கடக்கலாமா?

"திருநெல்வேலியிலிருந்து ஜூலை மாதத்தில் நானும் என் மனைவியும் மட்டும் கோட்டயம், ஆலப்புழைப் பக்கம் படகுப் பயணம் போக நினைக்கிறோம், அந்த நேரத்தில் ஏரியில் காற்றும் மழையும் கடுமையாக இருக்கும் என்கிறார்களே, ஆபத்தில்லையா?" என்பது கேள்வி.

போகலாம் என்பதே என் பதில். ஆனால் எந்தப் படகில் ஏறுகிறீர்கள், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே போகலாம். நானும் என் வீட்டுக்காரரும் பாளையங்கோட்டையில் இருப்பவர்கள்; வெயில் காலத்திலும் ஆனி ஆடியிலும் அந்த ஏரியைக் கடந்திருக்கிறோம் என்பதால் ஓரளவு விவரமாகவே எழுதுகிறேன். (புதிதாக மணமானவர்களாக இருந்தால், ஆடி மாதத்தில் இருவரையும் பிரித்து வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் எப்படி அனுமதி வாங்குவீர்கள் என்பது உங்கள் பாடு.)

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஏரியின் வானிலையை இங்கிருந்தே பாதி கணித்துவிட முடியும். குற்றாலத்தில் அருவிகளில் தண்ணீர் கொட்டி, தென்காசியில் சாரல் விடாமல் அடிக்கிறது என்றால், மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் இருக்கிறது என்று பொருள். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் புகுந்து நம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே பருவக்காற்றுதான் அந்த ஏரியின் மேலும் அடிக்கிறது. தண்ணீருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. செங்கோட்டையிலிருந்து மலையேறிப் போகும் அச்சன்கோவில் காடுகளில் பெய்யும் மழை, அச்சன்கோவிலாறாக மேற்கே ஓடி, வீயபுரத்தில் பம்பையோடு சேர்ந்து, கடைசியில் வேம்பநாட்டு ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே மலையில் நாலைந்து நாள் மழை கொட்டியிருந்தால், ஏரியில் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் உயர்ந்து கலங்கி, ஆகாயத்தாமரைக் கூட்டங்களை இழுத்துக்கொண்டு வரும். அவை படகின் விசிறியில் சிக்கினால் நடுவழியில் நிறுத்தி எடுத்துவிட வேண்டியிருக்கும்.

ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த ஏரி ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுள்ளது. இந்தியாவின் மிக நீளமான ஏரி என்பார்கள். 2002இல் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை பெரிய ஏரி ஆழமாகவும் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும்; உண்மையில் வண்டல் படிந்து பெரும்பகுதி மிகவும் ஆழம் குறைந்துபோயிருக்கிறது. அதனால் பயமில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆழமில்லாத அகன்ற நீர்ப்பரப்பில் காற்றடித்தால், கடலில் வருவதுபோல் நீண்டு உருண்டு வரும் அலை எழாது; குட்டையான, செங்குத்தான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக வந்து மோதும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஆடிப் பழகியவருக்குக்கூட இந்த ஆட்டம் புதிதாகவே இருக்கும்.

அடுத்து, காற்றின் திசை. பெயர் தென்மேற்குப் பருவக்காற்று என்றாலும், ஏரியின் மேல் அது மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வருவதால், மேற்குக் கரையில் இருக்கும் முகம்மாவில் தென்னந்தோப்புகளின் மறைவில் தண்ணீர் அமைதியாகவே தெரியும். படகு கிழக்கே குமரகத்தை நோக்கிப் போகப் போகத்தான், காற்று தடையில்லாமல் ஓடிவந்த தூரம் கூடி, அலையும் கூடும். படகுத்துறையின் காலடியில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்வது எதற்கும் உதவாது. தொலைவில் நடு ஏரியைப் பாருங்கள். அங்கே அலைகளின் தலையில் எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை தெரிந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த படகுக்குப் போகலாம். காற்றில்லாமல் கொட்டுகிற மழை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. மழையைக் கண்டு பயந்து காற்றைக் கவனிக்காமல் விடுவதுதான் நம்மவர் பலரும் செய்வது.

இன்னொன்றையும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஓர் அசட்டுத் தைரியம் உண்டு. என் வீட்டுக்காரர் நெல்லைக் குறுக்குத்துறையில் ஆற்றில் நீந்திப் பழகியவர், 'எனக்கு எதுக்கு லைஃப் ஜாக்கெட்' என்று கேட்கிற வகை. ஆற்றில் நீரோட்டத்தோடு சாய்வாகப் போனால் எங்காவது ஒரு கரையில் கால் தட்டும். ஏரியின் நடுவில் கரை எந்தப் பக்கம் பார்த்தாலும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது, மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போதெல்லாம் முகத்தில் அலை அடிக்கிறது. நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அது எங்கே தொங்குகிறது என்று உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் நடந்த பெரிய விபத்துகளை எடுத்துப் பார்த்தால், உயிர்களை வாங்கியது புயல் அல்ல. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன பயணிகள் படகு, கரைக்கு அருகில் வந்த நிலையில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். கோட்டயத்தில் அரசுப் பணித் தேர்வு எழுதப் போனவர்கள் பலர் அதில் இருந்ததால் படகில் அளவுக்கு மீறிய கூட்டம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், அதே நம் பெரியாறு அணை நீர்த்தேக்கத்தில், இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக ஒதுங்கியதாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர் இறந்த படகிலும் ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். மோசமான வானிலை என்ன செய்கிறது என்றால், இந்த ஒதுங்கலுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. சாரல் ஒரு பக்கமாக அடிக்கும்போது அந்தப் பக்கம் இருப்பவர்கள் நனையாமலிருக்க எழுந்து எதிர்ப்பக்கம் போவார்கள். அதே நேரத்தில் நனையும் பக்கத்தில் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள்; அது காற்றை வாங்கிப் படகை மறுபக்கம் தள்ளும். காற்றும் மனித எடையும் ஒரே பக்கம் சாய்க்கும்போதுதான் உண்மையான ஆபத்து.

இதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். ஓர் ஆடி மாத முற்பகலில் முகம்மாவிலிருந்து கிளம்பி, பாதிராமணல் தீவு பின்னால் போன பிறகு, பின்பக்கத்து இடது மூலையிலிருந்து வானம் இருண்டு வந்தது. மழை வருவதற்குச் சற்று முன்பே காற்று வந்துவிட்டது. இடதுபக்க வரிசைகள் நனையத் தொடங்கியதும் ஆட்கள் எழுந்தார்கள். என் வீட்டுக்காரரும், "வா, அந்தப் பக்கம் போயிருவோம், நனையுதோம்லா" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார். "நனைஞ்சா நனையட்டும், இருங்க" என்று அவரை இழுத்து உட்கார வைப்பதற்குள், படகுப் பணியாளர் ஒருவர் நடுவில் வந்து நின்று, எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்கும்படி மலையாளத்தில் அதட்டினார். அங்கே படகை ஓட்டுபவரை ஸ்ராங்கு என்கிறார்கள். அவர் படகின் வேகத்தைக் குறைத்து, அலை பக்கவாட்டில் அறையாதபடி போக்கைச் சற்றே மாற்றிக்கொண்டார். நேராகப் போக வேண்டிய கரைக்கு வளைந்து போனதால் நேரம் கூடியது, ஆட்டம் குறைந்தது. பழகிய உள்ளூர்ப் பெண்கள் குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடிக்காமல், சாரல் வரும் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது எங்கள் இருவர் உடையிலும் பிழிந்தால் சொட்டும் அளவுக்குத் தண்ணீர்; அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

இந்த அனுபவத்தால்தான், பருவமழைக் காலத்தில் தனிமைக்காகப் படகு வீடு எடுப்பதைவிடக் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை நடத்தும் பயணிகள் படகே மேல் என்று நினைக்கிறேன். படகு வீட்டின் அடிப்பகுதி தட்டையானது, மேலே கூரையோ உயரமானது. காற்று பிடிக்க அதைவிடத் தோதான வடிவம் கிடையாது. நல்ல ஓட்டுநர்கள் காற்று நாளில் அதைத் திறந்த ஏரிக்குக் கொண்டுபோகாமல் கால்வாய்க்குள்ளேயே சுற்றிக் காட்டுவார்கள். அது சரியான செயல். ஏரியைக் காட்டவில்லை என்று அவர்களிடம் சண்டை பிடிக்காதீர்கள். அரசுப் படகில் தனிமை இருக்காது, பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைகளும் இருக்கும். ஆனால் அந்தத் தடத்தில் நாள்தோறும் போய் வரும் ஆட்கள் ஓட்டுகிறார்கள். கட்டணமும் மிகச் சொற்பம்.

வழியை இப்படி அமைத்துக்கொள்ளலாம். இரவில் நெல்லை வழியாகப் போகும் பாலருவி விரைவு ரயில் செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகக் காலையில் கோட்டயத்தில் இறக்கிவிடும். ஊரின் தெற்கே கோடிமதா படகுத்துறையிலிருந்து ஆலப்புழைக்குப் படகு உண்டு, இரண்டரை மணி நேர அளவிலான பயணம். கால்வாய்ப் பாலங்களில் சிக்கல் இருக்கும் காலங்களில் அது காஞ்சிரம் வரை மட்டுமே வரும் என்பதால் முன்பே விசாரித்துவிடுங்கள். இந்தத் தடத்தில் ஒரு பகுதி கால்வாய்க்குள்ளேயே போவதால் காற்று உறைக்காது. ஏரிக்குள் வந்ததும், சுற்றிலும் வரப்பு கட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் காயல் நிலங்களைப் பார்க்கலாம்; நஞ்சை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது படகைவிடப் பெரிய வேடிக்கை. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த துறைமுக ஊரான ஆலப்புழையில் சாப்பிட்டுவிட்டு, பேருந்தில் வடக்கே முகம்மா போய், அங்கிருந்து படகில் குமரகம், பிறகு பேருந்தில் கோட்டயம் என்று ஒரு சுற்று முடிக்கலாம். முதல் படகு எதிர்காற்றில் போகும், இரண்டாவது காற்றோடு போகும். பிற்பகலில் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால் முகம்மா படகை மாலைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

படகில் மேல்தளம் இருந்தால் காற்று நாளில் அதில் ஏற வேண்டாம். கீழே, நடுப்பகுதியில், வெளியேறும் வழிக்கு அருகில் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். கூட்டம் நிற்கும் அளவுக்கு ஏறியிருந்தால் இறங்கிவிடுங்கள். ஏதேனும் ஒரு மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தால் படகுகளை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மேலுள்ள சாலை வழியாகப் பேருந்திலேயே ஏரியைக் கடந்து குமரகம் பக்கம் போய்விடலாம். குட்டநாட்டு வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமலிருக்க 1976இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. ஒருபுறம் தெற்கு ஏரியும் மறுபுறம் வடக்கு ஏரியுமாக, நனையாமலேயே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.