லெட் செப்பெலின் திருடர்களா? ஒரு மொட்டைமாடிச் சண்டை

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். 90களில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் கேசட் மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். மூன்று வருடமாக, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இரவு என் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். தண்ணீர்த் தொட்டி மேல் ஸ்பீக்கரை வைத்து ஆளுக்கு மூன்று பாட்டுப் போடுவோம். மற்ற நால்வரும் பத்துக்கு மார்க் போட வேண்டும். அவர்களுக்கு பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் மாதிரி ராக் குழுக்கள். எனக்குச் சில வருடமாக அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை மேல் பைத்தியம். நான் என்ன போட்டாலும் மூன்று, நாலு மார்க்தான். கடைசியாகக் கூடியபோது பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனைப் போட்டேன். பாதியிலேயே ஒருவன், "எல்லாம் ஒரே பாட்டுதானேடா, மாத்து" என்றான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "உன் செப்பெலின் மொத்தமும் திருட்டுடா" என்று போனை எடுத்து ஒவ்வொன்றாக ஆதாரம் காட்டினேன். அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு மாதமாகக் கூட்டம் நடக்கவில்லை. நான் சொன்னது உண்மைதானே? இவர்களை எப்படி ப்ளூஸ் கேட்க வைப்பது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்னது சரிதானே என்பது ஒன்று, அவர்களை எப்படி மாற்றுவது என்பது இன்னொன்று. எழுந்து போன நண்பரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று கேட்கவே இல்லை. அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, முதல் கேள்வி. நீங்கள் சொன்னது பாதி உண்மை. செப்பெலினின் 'ஹோல் லாட்டா லவ்' 1969இல் வந்தது. அதன் வரிகளில் கணிசமான பகுதி, வில்லி டிக்ஸன் என்ற ப்ளூஸ்காரர் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாடலிலிருந்து வந்தது. தட்டில் டிக்ஸன் பெயர் இல்லை. அவர் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, இப்போது அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. இது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டைத் தூக்கி நிறுத்துகிற அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, குழுவின் கிதார்காரர் ஜிம்மி பேஜ் உண்டாக்கியது. அதை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதே குழு 1971இல் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (ஆற்றங்கரை உடையும்போது) பாடலைப் போட்டபோது, எழுதியவர்கள் வரிசையில் ப்ளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியின் பெயரையும் அச்சிட்டார்கள். இதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு சங்கடம். வரியைக் கடன் வாங்குவது ப்ளூஸ்காரர்களுக்குள்ளேயே சகஜம். உங்கள் ராபர்ட் ஜான்சனின் 'ஸ்வீட் ஹோம் சிகாகோ' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கோகோமோ ஆர்னால்ட் 1934இலேயே அதே மெட்டை வேறு ஊர்ப் பெயரோடு பாடியிருக்கிறார். ஒருவர் வாசித்ததை அடுத்தவர் கேட்டு, தன் ஊரையும் தன் துக்கத்தையும் அதில் போட்டுப் பாடினார். அந்த இசை வளர்ந்ததே அப்படித்தான். செப்பெலினின் இங்கிலாந்துப் பையன்கள் அதே வேலையைச் செய்ததில் எனக்குக் குறை இல்லை. கோடிக்கணக்கில் சம்பாதித்த தட்டில் பெயரை விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னொரு இங்கிலாந்துக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1965இல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்குப் போனபோது கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்றி, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வருடம் அது சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான், பேசினால் சுவையாகவே இருக்கும். ஆனால் உங்களுக்கு அன்று பொத்துக்கொண்டு வந்தது வில்லி டிக்ஸனுக்காக இல்லையே. உங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னதற்காக. "டேய், முடியிற வரைக்கும் கேளுடா, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நம் ஆண்களுக்கு அந்த வாக்கியத்தைவிட வழக்கு எண்ணைச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அடுத்து, "எல்லாம் ஒரே பாட்டு." உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் முடிப்பது. ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு இதுதான் சட்டம். வெண்பாவுக்கும் ஒரே இலக்கணம்தான், அதற்காக நளவெண்பாவும் காளமேகத்தின் வசைப்பாட்டும் ஒன்றாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் நான் உங்கள் கட்சி. ஆனால் வெண்பாவின் ருசி தெரிய நமக்கு ஒரு தமிழ் வாத்தியார் தேவைப்பட்டார் என்பதையும் நினைத்துப்பாருங்கள்.

அதுவும் நீங்கள் தொடங்கிய இடம் ரொம்பக் கடினமான இடம். ஜான்சனின் பதிவுகள் 1936லும் 1937லும் டெக்ஸஸில் எடுக்கப்பட்டவை. ஒரு ஆள், ஒரு கிதார். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால் காது பழகுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். தட்டின் கீறல் சத்தம் வேறு. அதைச் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில், சென்னை மொட்டைமாடியில், கீழே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் என்ன கேட்கும்? தகர டப்பாவுக்குள் யாரோ அழுகிற மாதிரி கேட்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் கேட்டது, இரண்டாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். ஹெட்போனில் திரும்பக் கேட்டபோதுதான் கட்டைவிரல் கீழே தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே வேறு கதை சொல்வது பிடிபட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸே முதலில் கேட்டபோது கூட வாசிக்கும் இன்னொரு ஆள் யார் என்று கேட்டாராம்.

ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். பி.பி.கிங்கின் 'தி த்ரில் இஸ் கான்', 1969. ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கும், பின்னால் வயலின் கூட்டம் தணிந்து வரும். இளையராஜாவில் ஊறிய காது அதை மறுக்காது என்று பந்தயமே கட்டுவேன். அப்புறம் 50களின் சிகாகோ: மடி வாட்டர்ஸின் 'மேனிஷ் பாய்', ஹவ்லின் வுல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னின்'. மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து 1943இல் சிகாகோவுக்கு வந்த மடி, அங்கே மதுக்கடை இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று மின்கிதாருக்கு மாறினார். அந்த இரைச்சல்தான் உங்கள் நண்பருக்குப் பிடித்த ராக்கின் தாய்வீடு. ஜான்சன் மூன்று மாதம் கழித்து வரட்டும்.

இந்த மார்க் போடும் வழக்கத்தை யார் ஆரம்பித்தது? நீங்கள்தான் என்று என் ஊகம். உடனே நிறுத்துங்கள். இரண்டரை நிமிடத்தில் முடிகிற பாட்டுக்கும், ஏழு நிமிடம் ஓடுகிற பாட்டுக்கும் ஒரே அளவுகோலில் மார்க் போட்டு என்ன கண்டீர்கள்? நாலு மார்க் வாங்கியவன் அடுத்த மாதம் தனக்குப் பிடித்ததை எடுத்து வர மாட்டான், ஜெயிக்கிற பாட்டைத்தான் எடுத்து வருவான்.

ஒப்பிடுவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. ஒப்பிடுவதில்தான் பாதி சுகம். என் சொந்தக் கதை ஒன்று. நான் படித்த காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். நான் எழுதிக் கொடுத்ததில் எரிக் கிளாப்டன் பாடிய 'லைலா' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. கிதார்கள் உச்சியில் அலறிக்கொண்டிருக்கும்போது டேப் முடிந்து, பட்டன் டக்கென்று மேலே வரும். அந்தப் பாட்டு அப்படித்தான் முடியும் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன், நல்ல முடிவு என்று ரசிக்கவும் செய்தேன். ஹாஸ்டல் தோழி ஒருத்தி, "கடைசியில் அந்தப் பியானோ வரும்போது எனக்கு அழுகை வந்துடும்" என்றாள். எந்தப் பியானோ? பாட்டில் பியானோவே கிடையாது என்று நான் அடித்துப் பேசினேன். ஒரு மசால் தோசை பந்தயம். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும் ரயிலில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அவளுடைய கேசட்டை வாக்மேனில் போட்டேன். பாட்டு மொத்தம் ஏழு நிமிடம். மூன்று நிமிடம் தாண்டியதும் எல்லாம் ஓய்ந்து பியானோ தொடங்குகிறது. அதன் மேல் டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிதார் பறவை மாதிரி எங்கேயோ உயரத்தில் கூவுகிறது. விழுப்புரம் வரை அதையே ரீவைண்டு செய்து கேட்டேன். பேட்டரி தீர்ந்துபோனது.

தோசை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இன்றைக்கும் எனக்கு 'லைலா' கேட்டால் அந்த டக்கென்ற சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. ஆளாளுக்கு ஒரே பாட்டு வெவ்வேறாக இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் உங்களுக்கு மொட்டைமாடி.

அதனால் இப்படிச் செய்யுங்களேன். நண்பருக்கு எதிரான ஆதாரமாகப் பாட்டைக் காட்டாமல், ஒரு பாட்டின் இரண்டு உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் 'லெவி' பாடலையே எடுங்கள். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்து லட்சக்கணக்கானவர்களை வீடில்லாமல் ஆக்கியது. 1929இல் கன்சாஸ் ஜோ மெக்காய் பாட, மெம்ஃபிஸ் மின்னி கிதார் வாசிக்க அது பாட்டானது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், ஒப்பாரி மாதிரியே இருக்காது. கிதார் குதித்து ஓடும், ஏதோ நடைப்பயணப் பாட்டு போல. அடுத்து செப்பெலினின் 1971 பதிப்பு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் முன்கூடத்தில் குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்த சத்தம். முதல் அடியிலேயே மதகு திறந்த மாதிரி இருக்கும். முதல் பாட்டில் வெள்ளத்திலிருந்து தப்பி நடக்கிறவன் குரல், இரண்டாவதில் வெள்ளமே வருகிறது என்று எனக்குத் தோன்றும். 2015 டிசம்பரில் இதே சென்னையில் மாடியில் நின்று தண்ணீர் படிப்படியாக ஏறுவதைப் பார்த்தவர் உங்கள் ஐவரில் ஒருவராவது இருப்பார். அவரிடம் கேளுங்கள், எது அவருடைய பாட்டு என்று. விடை எனக்கும் தெரியாது.

இன்னொரு ஜோடி, ஜான்சனின் 'கிராஸ் ரோட் பிளூஸ்' (1936), கிரீம் குழு 1968இல் மேடையில் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்'. கிரீமின் பதிப்பு குதிரைப் பாய்ச்சல், உங்கள் செப்பெலின் நண்பர் முதல் நிமிடத்திலேயே எழுந்து கைதட்டுவார். அது முடிந்ததும் ஜான்சனைப் போடுங்கள். நாற்சந்தியில் அவர் சாத்தானுக்கு ஆத்மாவை விற்றார் என்ற கதை உலகம் பூராவும் ஓடுகிறது. பாட்டில் சாத்தானே கிடையாது. ஒரு கறுப்பின மனிதன், பொழுது சாயும் நேரம், நாற்சந்தியில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுகிறான், யாரும் நிறுத்தவில்லை. அந்தக் காலத்து மிசிசிப்பியில் அவனுக்கு இருட்டுவது என்றால் என்ன பயம் என்று ஒரு வரி சொல்லுங்கள். ஒரு வரி போதும், பத்து நிமிடப் பிரசங்கம் வேண்டாம். பாட்டு ஓடும்போது வாயே திறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரே பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு ப்ளூஸ்காரர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. உங்களுக்கு இது ஏற்கனவே தெரிந்திருக்கும், எடுத்து வீசக் கை பரபரக்கும். வீசாதீர்கள். யாராவது தானாகக் கேட்டால் சொல்லுங்கள்.

1961 அக்டோபரில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் தற்செயலாக மறுபடி பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கக்கத்தில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். மிக் ஜாகர் அவற்றை யாரிடமும் நிரூபிக்க எடுத்து வரவில்லை, சும்மா வைத்திருந்தார். கீத் ரிச்சர்ட்ஸின் கண்ணில் பட்டது. அடுத்த வருடம் மடியின் ஒரு பாட்டிலிருந்து பெயர் எடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் கிளம்பியது. நீங்களும் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றால் போதும்.

இப்போது அந்த நண்பர். அவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "அன்னைக்கு நான் பேசினது தப்புடா. இந்த சனிக்கிழமை வா, முதல் பாட்டு உன்னோடது, செப்பெலின்ல எது வேணா போடு" என்று சொல்லுங்கள். வந்து போட்டால் முழுசாகக் கேளுங்கள். அப்புறம் அந்தப் பாட்டை முதலில் எங்கே, யாரோடு கேட்டார் என்று கேளுங்கள். முப்பது வருடம் ஒரே ஹாஸ்டல் கதையைப் பேசியும் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், ஸ்பீக்கரைத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து இறக்குங்கள். பாதி காலியான பிளாஸ்டிக் தொட்டி பேஸை எல்லாம் விழுங்கிக் கும்மென்று உறுமும். பான்ஹமுக்கும் அது நல்லதில்லை, மின்னிக்கும் நல்லதில்லை. சுவரோரமாக ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.