தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தால் திருவொற்றியூர் பெண்ணுக்கு என்ன?

வணக்கம் அம்மா. பெரிய கம்பெனிகள் எல்லாம் வடக்கே போகின்றன, இங்கே பி.காம் படித்து என்ன ஆகப்போகிறது, மகளை மும்பையிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். அந்த ஹாஸ்டல் செலவை இப்போது இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

தலைமை அலுவலகம் இடம் மாறுவது உண்மைதான். ஹூண்டாய்க்கு கார் ஆலை இருங்காட்டுக்கோட்டையில், இந்தியத் தலைமையகம் குருகிராமில். அமெரிக்க விமானக் கம்பெனி போயிங் 2001இல் சியாட்டிலை விட்டு சிகாகோவுக்குப் போனது. 2022இல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் இருக்கும் ஆர்லிங்டனுக்கு மாறியது. ராணுவ ஆர்டர் வாங்கும் கம்பெனிக்கு அந்த அக்கம்பக்கம் வேண்டும். ஆனால் சியாட்டில் பக்கத்து விமான ஆலைகள் அங்கேயேதான் இருக்கின்றன. இடம்பெயர்வது மேலிடத்து ஆட்களும் நிதி, சட்டப் பிரிவுகளில் ஒரு பகுதியும்தான்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அசோக் லேலண்டுக்கு எண்ணூரில் ஆலை, கிண்டியில் தலைமையகம். எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய கம்பெனி. ஆலை இன்னும் அங்கே, தலைமையகம் கிரீம்ஸ் சாலையில். முருகப்பா குழுமம் பாரிமுனை டேர் ஹவுஸில். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. இந்த ஆபீஸ்களுக்குப் போக மண்ணடி, ஆயிரம் விளக்கு, கிண்டி ஸ்டேஷன்கள்; மூன்றுக்கும் ஒரே ரயில், மாறி ஏற வேண்டாம். வேலை என்றால் ஆலை கேட் என்றே நம் பக்கம் பழகிவிட்டோம். காமர்ஸ் பெண்ணுக்கான நாற்காலி இந்த ஆபீஸ்களில்தான்.

சரி, அதில் உட்கார வெறும் பி.காம் போதாது. கூடவே சி.ஏ. (ஆடிட்டர் படிப்பு), சி.எம்.ஏ. (செலவுக் கணக்கு, நிர்வாகக் கணக்குப் படிப்பு), சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி படிப்பு) ஏதாவது ஒன்று வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலான ஒவ்வொரு கம்பெனியும் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. சி.ஏ. என்றால் 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி; அதைச் சென்னை ஆடிட்டர் ஆபீஸிலேயே முடிக்கலாம், கொஞ்சம் உதவித்தொகையும் வரும்.

தலைமையகம் வெளியூரில் இருந்தால் கணக்கு வேலையும் வெளியூரில்தான் என்றில்லை. உலக வங்கி இருப்பது வாஷிங்டனில். அதன் கணக்கு வேலையில் ஒரு பகுதி தரமணியில் நடக்கிறது. பின்னால் வேலைக்குப் போகும்போது, இது எந்த ஊர் போஸ்டிங், மாற்றல் உண்டா என்று இன்டர்வியூவிலேயே கேட்கட்டும்.

அப்புறம், பிளஸ் டூ அக்கவுன்டன்சி மார்க்கை நீங்கள் எழுதவில்லை. அனுப்புங்கள், சி.ஏ.வா சி.எஸ்.ஸா என்று பார்ப்போம்.