டப்பா செத்தாலும் போட்டோ பொழைக்கணும்

கேள்வி: தஞ்சாவூர்ல கல்யாண போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கேன் சார். 2014ல வாங்கின சினாலஜி டிஎஸ்214 நாஸ் (நெட்வொர்க்ல மாட்டி ஃபைல் சேர்த்து வைக்கிற டப்பா), ரெண்டு 4 டிபி டிஸ்க், எஸ்ஹெச்ஆர்ல (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா வைக்கிற சினாலஜியோட ரெய்டு முறை) ஓடுது. இடம் ரொம்பிடுச்சு. நாலு டிஸ்க் போடுற புது மாடல் வாங்கி இந்த டிஸ்க்கை அப்படியே கழட்டி மாட்டினா போட்டோ எல்லாம் வந்துடுமா?

பதில்: வரும் சார். சினாலஜில இருந்து சினாலஜிக்குத்தானே போறீங்க. ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி, பெரிய யுஎஸ்பி ஹார்ட்டிஸ்க் ஒண்ணுல எல்லாத்தையும் சாதாரண ஃபைலா காப்பி போட்டு, லேப்டாப்ல மாட்டி நாலஞ்சு ஆல்பத்தை திறந்து பார்த்துடுங்க. அது முடியாம ஸ்க்ரூடிரைவரை தொடாதீங்க, உங்க கிட்ட இருக்கிறது ஊர்க்காரங்க கல்யாணம்.

அப்புறம் டிஸ்க்ல 1, 2ன்னு டேப் ஒட்டி அதே வரிசையில மாட்டுங்க. புது மெஷின் பழைய டிஸ்க்கை பார்த்ததும் மைக்ரேட் பண்ணட்டுமான்னு கேக்கும், டேட்டாவை வெச்சுக்கிற ஆப்ஷனை மட்டும் தொடுங்க, புது இன்ஸ்டால்னு போயிட்டா அழிஞ்சிடும். இது ஒருவழிப்பாதைங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், புது டிஎஸ்எம் (சினாலஜியோட ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏறின டிஸ்க்கை திருப்பி டிஎஸ்214ல போட்டா எடுக்காது.

இன்னொண்ணு, உங்க டிஸ்க் இஎக்ஸ்டி4ங்கிற ஃபைல் சிஸ்டத்துல (டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறை) இருக்கு, மைக்ரேட் ஆனாலும் அதுலயேதான் இருக்கும், பிடிஆர்எஃப்எஸ்ங்கிற புது ஃபைல் சிஸ்டமா மாறாது. தெரியாம அழிச்சுட்டா பழைய நிலைக்கு போற ஸ்னாப்ஷாட் வசதி வேணும்னா பிடிஆர்எஃப்எஸ் வேணும். அதனால கையில காசு இருந்தா நான் சொல்றது, புது மெஷினுக்கு புது டிஸ்க்கே வாங்கி நெட்வொர்க் வழியா காப்பி பண்ணுங்க. 4 டிபி கிகாபிட் கேபிள்ல குறைஞ்சது பத்து மணி நேரம், சின்ன ஃபைல் நிறைய இருந்தா இன்னும் இழுக்கும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம். பழைய டப்பாவும் முழுசா அப்படியே நிக்கும்ல, அந்த நிம்மதிக்கே கொடுக்கலாம்.

என் அனுபவம் ஒண்ணு. என்னோட பழைய நாஸ் போர்டு போயிடுச்சு, டிஸ்க் ரெண்டும் நல்லா இருந்துச்சு. கடைக்கார தம்பி ஒரு டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினதும் ‘இதை ஃபார்மேட் பண்ணணும்’னு சின்ன பெட்டி வந்துச்சு, அவர் மவுஸ் நேரா ஃபார்மேட் பட்டன் மேல போயிடுச்சு, கையை பிடிச்சு நிறுத்தினேன். விண்டோஸுக்கு அந்த டிஸ்க்ல இருக்கிற லினக்ஸ் ரெய்டு படிக்க தெரியாது, அதான் காலின்னு நினைச்சு கேக்குது. வீட்டுக்கு கொண்டு வந்து பென் டிரைவ்ல உபுண்டு லினக்ஸ் போட்டு, ரெய்டு டிஸ்க்கை படிக்க உதவுற எம்டிஏடிஎம், எல்விஎம்2 ரெண்டு சாஃப்ட்வேரையும் ஏத்தி, படிக்க மட்டும்னு மவுண்ட் பண்ணினேன், ஃபோல்டர் ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சு. உங்க சினாலஜி டிஸ்க்குக்கும் இதே வழிதான், கம்பெனியே உதவிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்காங்க. ஃபோல்டரை என்கிரிப்ட் பண்ணியிருந்தா சாவி ஃபைலை இன்னிக்கே எக்ஸ்போர்ட் பண்ணி வேற இடத்துல வைங்க, சாவி ஃபைலும் இல்லாம, பாஸ்வேர்டும் மறந்துட்டா யாராலயும் திறக்க முடியாது.

கேள்வி: ரெய்டு 1 போட்டிருக்கேன், ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா. தனியா பேக்கப் எதுக்கு?

பதில்: ஒரு டிஸ்க் செத்தா ரெய்டு காப்பாத்தும், அவ்வளவுதான். நீங்க ஒரு ஃபோல்டரை அழிச்சா அதே நொடி ரெண்டுலயும் அழியும். 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் வெச்சிருந்த பல பேரோட டப்பாவை இன்டர்நெட் வழியா யாரோ ஃபேக்டரி ரீசெட் பண்ணி விட்டாங்க, வருஷக்கணக்கா சேர்த்த போட்டோ எல்லாம் போச்சு, ரெண்டு டிஸ்க் இருக்கிற டூவோ மாடலும் அதுல மாட்டுச்சு. வெளிய கழட்டி வெச்ச காப்பி இருந்தவங்க பொழைச்சாங்க.

கேள்வி: க்யூநாப்னு வேற கம்பெனி நாஸ்ல இருக்கிற டிஸ்க்கை சினாலஜில மாட்டலாமா?

பதில்: மாட்டாதீங்க, இன்ஸ்டால் பண்ணும்போதே அழிச்சிடும். க்யூநாப்புக்குள்ளயே க்யூடிஎஸ்ங்கிற அவங்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல இருந்து, இஸட்எஃப்எஸ்ங்கிற வேற ஃபைல் சிஸ்டத்துல ஓடுற க்யூயுடிஎஸ் ஹீரோவுக்கு டிஸ்க்கை அப்படியே மாத்த முடியாது. கம்பெனி மாறினா காப்பி ஒண்ணுதான் வழி, ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல ஓடுற மாதிரி பார்த்து வாங்குங்க, பழசை முன்னாடியே வித்துடாதீங்க.