ஒல்லியான அப்பாவுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. உயரம் 162 செ.மீ., எடை 58 கிலோ, இடுப்பு 38 அங்குலம். 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன மாதம் பைபாஸ் நடந்தது. அதற்கு முன்பு 0.9 ஆக இருந்த கிரியேட்டினின், ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் 2.1 ஆகிவிட்டது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்றார்கள். நல்லவேளையாக அது வேண்டியிருக்கவில்லை. இப்போது 1.3. வீட்டுக்கு அனுப்பும்போது, "உடல் தளர்ந்திருக்கிறது, கொழுப்பும் அதிகம்" என்று மருத்துவர் சொன்னார். ஒல்லியானவருக்குக் கொழுப்பா? அதைக் கேட்டதிலிருந்து அப்பா இரவில் ஒரு டம்ளர் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். முட்டையும் பருப்பும் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று உறவினர்கள் வேறு சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: இன்றிரவே அந்தக் கஞ்சி விரதத்தை முடித்துவையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பாவின் பெல்ட்டையும் சட்டையையும் கவனித்திருக்கிறீர்களா? இவரைப் போன்றவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. பத்து வருடமாக பெல்ட்டில் அதே ஓட்டை. சட்டையோ தோளில் தொங்கும். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கையை நோக்கிச் சரியும். எடை மாறவே இல்லை என்று குடும்பமே சாதிக்கும். உள்ளே நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தொடையிலும் தோளிலும் தசை கரைகிறது, அந்த இடைவெளியை வயிற்றுக் கொழுப்பு நிரப்புகிறது. கூட்டிக் கழித்தால் தராசில் அதே 58 கிலோ.

உங்கள் அப்பாவின் உடல் எடைக் குறியீடு 22. புத்தகப்படி அருமையான எண். ஆனால் இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 38 அங்குலம் என்றால் 96 செ.மீ.க்கும் மேல். 2004இல் லான்செட் இதழில் ஒரு வேடிக்கையான படம் வந்தது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் குறியீடு ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. உங்கள் மருத்துவர் சொன்ன கொழுப்பு இதுதான். ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ரால் வேறு கணக்கு.

அடுத்து அந்த 0.9. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் கழிவும் குறையும். குப்பை குறைவாகச் சேரும் வீட்டில், துப்புரவுப் பணியாளர் பாதி நாள் வராவிட்டாலும் தெருவுக்குத் தெரியாது. 71 வயதுக்காரருக்கு 0.9 என்று சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் 90ஐ ஒட்டி வந்து நிற்கும், வாலிபனுக்குரிய எண். 18 வருடச் சர்க்கரைக்குப் பிறகு அதை நான் எளிதில் நம்ப மாட்டேன். சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது அதைவிட மலிவு. பின்னதையாவது ஆபரேஷனுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்று பழைய ஃபைலைப் புரட்டுங்கள். இதில் பிறரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், 0.9ஐப் பார்த்து நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டவன்தான் நானும்.

ஆக, கையிருப்பு குறைவான சிறுநீரகத்தோடுதான் அவர் ஆபரேஷன் மேஜைக்குப் போயிருப்பார் என்று தோன்றுகிறது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அப்படியிருந்தும் அவற்றின் உட்பகுதிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் எப்போதுமே மட்டு. ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் மெஷினில் ரத்தம் நீர்த்துப்போகிறது, சிவப்பணுக்கள் கொஞ்சம் சிதைகின்றன, உடல் முழுவதும் ஓர் அழற்சி கிளம்புகிறது. நம் நாட்டில் பல பைபாஸ்களை மெஷின் இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே செய்கிறார்கள். அதிலும் பின்பக்கக் குழாயைத் தைக்க இதயத்தைத் திருப்பிப் பிடிக்கும் நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கும். வயிற்றுக் கொழுப்பு ஏற்கெனவே மந்தமான ஓர் அழற்சியைக் கிளப்பிக்கொண்டிருக்கும் உடலில் இவையெல்லாம் கூடுதல் அடி. இதய அறுவைக்குப் பிறகு நூற்றில் 20, 30 பேருக்குச் சிறுநீரகம் ஓரளவாவது தடுமாறுகிறது. தளர்ந்த உடல்காரர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். டயாலிசிஸ் வரை போகிறவர்கள் சிலரே.

ஐசியுவில் அப்பாவின் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் குனிந்து பார்த்துக் குறித்திருப்பார். அவருடைய எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். கிரியேட்டினின் ஏறுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கும். பை அதற்கு முன்பே சொல்லிவிடும். பயமுறுத்தினார்கள் என்று வருத்தப்படாதீர்கள். 0.9 இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் டயாலிசிஸ் பற்றி முன்கூட்டியே பேசிவைப்பது எங்கள் கடமை.

இப்போது 1.3. நல்ல செய்திதான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். படுக்கையில் கிடந்த நாட்களில் தசை இன்னும் கரைந்திருக்கும். இந்த இறக்கத்தில் எவ்வளவு சிறுநீரகம் தேறியதால், எவ்வளவு தசை போனதால் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

தளர்ச்சியை நீங்களே வீட்டில் பார்க்கலாம். 5 மீட்டர் தூரத்தைச் சாக்பீஸால் குறித்து, வழக்கமான நடையில் வரச் சொல்லுங்கள். 6 நொடியோ அதற்கு மேலோ ஆனால் மந்தம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 12 நொடிக்குள் முடிய வேண்டும். கையை ஊன்றி எழ விடாதீர்கள், ஆபரேஷனில் பிளந்த மார்பெலும்பு இன்னும் ஒட்டவில்லை. தையல் டேப்பால் கெண்டைக்காலையும் அளக்கலாம். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைவென்று சந்தேகப்பட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கியிருக்கும், மற்றக் காலை அளங்கள்.

இனி சாப்பாடு. உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. நாள்பட்ட சிறுநீரக நோயில் புரதத்தை மட்டுப்படுத்துவோம், உண்மைதான். மட்டுப்படுத்துவது வேறு, பட்டினி வேறு. காயம் ஆற வேண்டிய, தசை திரும்ப வேண்டிய இந்த நேரத்தில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், நாளுக்கு 55 முதல் 60 கிராம் புரதம் அவருக்குச் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். கிரியேட்டினினைப் பார்த்துவரும் மருத்துவரிடம் இந்த எண்ணைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. கஞ்சியில் இருப்பது பேருக்குத்தான். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டில் கெட்டிப் பருப்போ முட்டையோ இருக்கட்டும். வயிற்றைக் குறைக்க நினைத்தால் சோற்றின் அளவிலும் மாலை நேரத்து மிக்சரிலும் கைவையுங்கள்.

யாராவது "சிறுநீரகத்துக்கு நல்லது" என்று இளநீர் வாங்கி வந்தால் அன்போடு நீங்களே குடித்துவிடுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எதையாவது அவர் சாப்பிட்டுவந்தால் அந்தப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். நாட்டு மருந்து என்று ஆடுதின்னாப்பாளை கலந்த பொடி எதுவும் வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மெடிக்கல் ஷாப் வலி மாத்திரைக்குத்தான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக், இவை மூன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. மார்பில் ஆபரேஷன் காயம் வலித்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை மூன்றையும் தொடரலாமா என்று அன்றே போனில் கேளுங்கள்.

நடை கட்டாயம் வேண்டும். வாசல் வரை ஐந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை, பிறகு மெல்லக் கூட்டலாம். கால் வீக்கம் கூடினாலோ, இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இடையில் மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனதும் கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், முடிந்தால் சிஸ்டாட்டின் சி மூன்றையும் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டோடு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை நொடி ஆகிறது என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.