பந்தயப் பக்கி: மோட்டாருக்கு முன்னால் டயர்

கேள்வி: நிஜ வண்டியின் 1/10 அளவில், பின்சக்கரம் மட்டும் இயங்கும், ரிமோட்டில் ஓட்டும் மின்சாரப் பக்கி (மண் தளத்தில் ஓடும் பந்தய வண்டி) வைத்திருக்கிறேன். 17.5 டர்ன் (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார். முதலில் வேகமான மோட்டார் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும் வண்டிக்குக் கூடுதல் சக்தி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் சுழலும், அவ்வளவுதான். முதல் செலவு டயருக்கு. உதிரியான புழுதித் தளத்துக்கு உயரமான ரப்பர் முட்கள் வேண்டும். இறுகிய களிமண்ணுக்குக் குட்டையான, நெருக்கமான முட்கள். முள்ளின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்து ரப்பரின் மென்மையை மறந்துவிடாதீர்கள். பலர் தவறுவது அங்கேதான். உங்கள் களத்தில் முன்னணியில் வருகிறவர் எந்த டயர் போட்டிருக்கிறாரோ அதையே வாங்குங்கள். இதில் வெட்கம் எதற்கு? இரண்டாவது செலவு, வேகமான சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்). 60 பாகை திரும்ப 0.10 வினாடிக்கு மேல் எடுக்காதது நல்லது. மோட்டார் அதற்கும் பிறகு.

கேள்வி: அலுமினியப் பாகங்கள்?

பதில்: பார்க்க அழகு. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் கை மோதினால் வளைந்து மீளும். அலுமினியக் கை வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது அடியைப் பக்கத்துப் பாகத்துக்குக் கடத்திவிடும். சர்வோவின் அச்சில் மாட்டும் சிறு கையான சர்வோ ஹார்னுக்கு மட்டும் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: தாவி இறங்கும்போது அடித்தட்டு தரையில் அடிக்கிறது. கடினமான ஸ்பிரிங் போடவா?

பதில்: ஸ்பிரிங்கை மாற்றினால் வளைவில் வண்டி சாயும் விதமும் மாறிவிடும். முதலில் ஷாக்கை, அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதிர்வைத் தாங்கும் ஆயில் குழாயை, திறந்து காற்றுக்குமிழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆயிலை ஒரு படி கெட்டியாக்குங்கள்: கெட்டித்தன்மை எண் 35 இருந்தால் 40. ஒரே நிறுவனத்தின் ஆயிலாக இருக்கட்டும், ஒருவரின் 35 இன்னொருவரின் 35 அல்ல. அதற்கும் அடங்காவிட்டால் ஷாக்குக்குள் ஆயிலில் மேலும் கீழும் போகும் பிஸ்டனைத் துளை சிறியதாக மாற்றுங்கள். வேகமாக அமுக்கும்போது ஆயில் அந்தத் துளைகளில் திணறுவதால் பெரிய தாவல்களை வண்டி தாங்கும். ஆனால் அதே குணம் சிறு மேடுபள்ளங்களில் டயரைத் துள்ள வைக்கும். தாவல் அதிகமா, குலுங்கல் அதிகமா என்று களத்தைப் பார்த்து முடிவெடுங்கள். வெயிலில் ஆயில் நீர்த்துப்போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் வழுக்குகிறது.

பதில்: காசில்லாத வைத்தியம் முதலில்: பேட்டரியைப் பின்னால் தள்ளுங்கள். முன்சக்கரப் பிடிப்பு சற்றுக் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு பின் கேம்பரை (சக்கரத்தின் சாய்வு; மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 1 முதல் 2 பாகைக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்; இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

கேள்வி: மோட்டார் கொதிக்கிறது.

பதில்: பினியனில் (மோட்டார் அச்சிலுள்ள சிறு பற்சக்கரம்) ஒரு பல் குறையுங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து வைத்துவிட்டு அடுத்த வாரம் ஓட்டலாமா?

பதில்: கூடாது. செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது ஓட்டப்போகும் நாளுக்கு. எடுத்துவைக்க 3.8 வோல்ட் போதும். ஓட்டும்போது 3.2-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜரில் மாட்டவே மாட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.