12 போர், 20 போர்: எது பெரிது?

அந்தியூர்ப் பக்கம் தோட்டம், அப்பாரு காலத்து லைசென்ஸ் துப்பாக்கியில் 12 போர் (bore, குழல் அளவு) என்று இருக்கிறது, அப்படியென்றால் 20 போர்தானே பெரிது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, தலைகீழ்.

ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், 18.5 மி.மீ. வரும். அதே ஈயத்தை 20 ஆகப் பிரித்தால் உருண்டை சிறுக்குமே, அதனால் 20 போர் 15.6 மி.மீ.தான். 410 என்ற துப்பாக்கி அளவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது நேராக அங்குல அளவு (0.410).

ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் நம்பரும் இப்படித்தான்: 8ஐ விட 6 பெரிது, 6ஐ விட 4 பெரிது. எல்.ஜி., எஸ்.ஜி. எல்லாம் பருங்குண்டு, ஒரு தோட்டாவில் கொஞ்சம்தான் இருக்கும்.

தோட்டாவின் நீளம் என்பது வெடித்து, மடித்து மூடிய வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். 70 மி.மீ. அறையில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) 76 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

அதைவிட மோசம், 20 போர் தோட்டாவை 12 போரில் போடுவது. அது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 போர் தோட்டா மஞ்சளாக இருப்பது இதற்காகத்தான். சரி, குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்தை முதலில் பாருங்க.